தோற்கப் போன ஜக்கையன்

ராசிங்காபுரத்தில் ஜக்கையன் வீடு எது என்று கேட்டால் எந்த ஜக்கையன் என்று திருப்பிக் கேட்பார்கள். வேணாஞ்சாமி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டிவிடும். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரியாது. ஆனால் வைத்தவர் சரியாகத்தான் வைத்தார். பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் ஊற்ற வந்தால் அவன் இலையின் மேல் கையை மறித்து வேணாம் என்பான். போடிச் சந்தையில் கத்தரிக்காய்க்காரி கொசுறு போட்டால் எடுத்துத் திருப்பி வைப்பான். களத்தில் நெல் அளக்கிறவன் கணக்குத் தவறி ஒரு படி கூடப் போட்டுவிட்டால், வீடு வரைக்கும் வந்த மூட்டையை அவிழ்த்து அந்த ஒரு படியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான்.

ஊரில் பாதிப் பேர் அவனை உத்தமன் என்றார்கள். மீதிப் பேர் கிறுக்கன் என்றார்கள். அவன் இரண்டும் இல்லை. அவன் பயந்தவன், அவ்வளவுதான்.

பயம் இருபது வயதில் தொடங்கியது. குரங்கணிக்குப் பொதிமாடு ஓட்டிப் போனபோது, மாட்டைக் குளிப்பாட்டிய இடத்தில், மணலுக்குள் ஒரு பவுன் காசு கிடைத்தது. ஊரெல்லாம் காட்டிச் சிரித்தான். ஒன்பதாம் நாள் அவனுடைய அப்பன் இலவமரத்தில் காய் பறிக்க ஏறி, கிளை முறிந்து விழுந்து செத்துப்போனார். அப்போது அவன் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. பிறகு மருதாயியைக் கல்யாணம் செய்தான். அவளுக்குத் தலைப்பிரசவம் நடந்த அன்று காலையில், கோயில் மாந்தோப்புக் குத்தகைக்குக் குடவோலை போல எழுதிப் போட்ட சீட்டில், முப்பது பேரில் அவன் பெயர் வந்தது. சாயங்காலம் பிள்ளை அசையாமல் பிறந்தது. இரண்டாவது ஒரு பெண். நாற்பது நாள் இருந்தது. அவன் மலைப்பாதையில் கண்டெடுத்துக் கொடுத்த பைக்காக ஒரு செட்டியார் பத்து ரூபாய் இனாம் கொடுத்த வாரத்தில், காய்ச்சல் கண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு வீட்டுக்கு ராசி என்பது அளந்து ஊற்றிய பானை. ஒரு பக்கம் மொண்டால் மறுபக்கம் குறையும். கேட்கிற நமக்குச் சிரிப்பு வரலாம். இரண்டு பிள்ளைகளைத் தன் கையாலேயே குழியில் இறக்கியவனுக்குச் சிரிப்பு வராது. அவன் மொள்ளுவதை நிறுத்தினான். ஒற்றைக் கொம்பு மாட்டை விலைக்கு வாங்கினான். ஒதுக்குப்புறமான வறண்ட புஞ்சையைத் தன் பங்காக எடுத்துக்கொண்டான். கிடைக்கிறதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, பானையில் இருந்ததை அப்படியே மருதாயிக்கு விட்டுவைத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருடம் ஐப்பசியில் மருதாயிக்கு மூன்றாவது பிரசவத்துக்கு மாசம் நிறைந்திருந்தது. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒருநாள் காலையில் கஞ்சியை வைத்துவிட்டு, “எங்க அக்காவைக் கூட்டிட்டு வாங்க. அவ கை பட்டா எனக்குப் பயமில்ல” என்றாள். இரண்டு பிரசவத்திலும் பயமாக இருந்தது என்று அவள் அதுவரை சொன்னதே கிடையாது. அவன் கஞ்சியை மூடி வைத்துவிட்டு மாட்டை அவிழ்த்தான்.

அக்காள் கருத்தம்மா புருஷனை இழந்தவள். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிற வேலை. அங்கே குடிசைகளில் பிறந்த பிள்ளைகளில் முக்கால்வாசி அவள் கையில்தான் விழுந்தவை. ஜக்கையன் தோட்டத்துக்கு ஒரு பொதி அரிசி ஏற்றிக்கொண்டான். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் தழைச்சாமி இருக்கிறது. சாமி என்றால் ஒரு கல், அதன்மேல் போகிற வருகிறவர்கள் போட்ட இலைகளின் குவியல். ஏறுகிறவன் ஒரு கொத்துத் தழை ஒடித்துப் போட்டு, வேண்டியதைக் கேட்டுவிட்டு ஏற வேண்டும். ஜக்கையன் எப்போதும் கேட்பதையே கேட்டான். “எனக்கு ஒண்ணும் வேணாம். இருக்கிறதை அவளுக்குக் குடு.”

மறுநாள் விடிந்ததும் கருத்தம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை. மலையைக் கழுவி ஊற்றுகிற மழை. பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும் ஓடைக்கு வந்தபோது ஓடையே தெரியவில்லை. செம்மண் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பாறைகளை உருட்டிக்கொண்டு போனது. ஓடைக்கரையில் பொதிக்காரர்கள் தங்குகிற ஓலைக் கொட்டகை ஒன்று உண்டு. மாட்டை வெளியே கட்டிவிட்டு இருவரும் உள்ளே நுழைந்தார்கள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். மட்டக்குதிரை வைத்துச் சுமை ஏற்றும் ராக்கையா. கோபத்தில் ஒருவன் காதை அறுத்தவன் என்று அவனுக்குப் பெயர். பொய்யோ நிஜமோ, அவன் இடுப்பில் கத்தி இருந்தது. இன்னொருவன் கண்ணுச்சாமி. தோட்டத்துக் காவலாள், மெதுவாகப் பேசுகிறவன். அவனிடம் மெழுகுத் துணியில் சுற்றிய ஒரு சீட்டுக்கட்டு எப்போதும் இருக்கும். மூன்றாவது ஆள் பிச்சைமணி, போடிப் பக்கத்துப் பொதிக்காரன். ஓடை பெருகுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கீழிருந்து ஏறி இந்தக் கரைக்கு வந்திருந்தான். ஜக்கையனைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

“அண்ணே, விடியக்காலை உங்க ஊர்ப் பக்கமாத்தான் வந்தேன். வீட்ல மதினிக்கு ராத்திரியே வலி கண்டுருச்சாம். உங்களைத்தான் தேடுறாக.”

ஜக்கையன் நேரே ஓடைக்குப் போனான். முழங்கால் வரை இறங்கியதுமே கால் பறிந்தது. கருத்தம்மா பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். “நீங்க செத்தா அவளுக்கு வலி கொறையுமா? தண்ணி வடியட்டும். உள்ள வாங்க தம்பி” என்றாள். அவளுக்கும் உதடு நடுங்கியது. குளிர் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கொட்டகைக்குள் மற்ற மூவரும் சீட்டை எடுத்துவிட்டார்கள். மூணு சீட்டு ஆட்டம். ஆளுக்கு மூன்று சீட்டு விழும். நல்ல சீட்டு என்று நினைக்கிறவன் காசு கட்டிக்கொண்டே போகலாம். பயந்தவன் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். கடைசியில் இரண்டு பேர் நின்றால் காட்டிப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாரும் ஒதுங்கிவிட்டால் நிற்கிறவன் சீட்டைக் காட்டாமலேயே நடுவில் கிடப்பதை அள்ளிக்கொள்ளலாம். ஜக்கையன் வாழ்நாளில் சீட்டைத் தொட்டதில்லை. சூதாட்டம் பாவம் என்பதற்காக அல்ல. ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்.

சுவர் ஓரமாகக் குந்தி, மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தவனுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அவன் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு அந்த யோசனைதான் என்று பின்னாட்களில் சொல்லிக்கொள்வான். மொள்ளாமல் இருப்பது பழைய காரியம். இன்றைக்கு அது போதாது. இன்றைக்குப் பானையில் ஊற்ற வேண்டும். இங்கே உட்கார்ந்து இருப்பதையெல்லாம் தோற்றால், தோற்ற ராசி அத்தனையும் மலை இறங்கி மருதாயியிடம் போய்ச் சேரும். இதைவிடச் சுலபமான வேலை உண்டா? ஆட்டம் தெரியாதவன் ஆடினால் தோற்கத்தானே செய்வான்.

“எனக்கும் ஒரு கை போடுங்க” என்றான்.

ராக்கையா அவனை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தான். “வேணாஞ்சாமிக்கு வேணுமாம்ல. வா மாப்ளே, உக்காரு. ஆனா கொட்டகைச் சட்டம் தெரியும்ல? ஜெயிச்சவன் தானா எந்திரிக்கக் கூடாது. தோத்தவன் போன்னு சொல்லணும்.”

“நான் ஜெயிக்க மாட்டேன்” என்றான் ஜக்கையன். அதை அவன் ஒரு வேண்டுதலாகவே சொன்னான்.

முதல் கையில் மூன்று சீட்டை எடுத்துப் பார்த்தான். மூன்றிலும் ஒரு பொம்பளை படம். மூன்றும் பொம்பளையாக இருந்தால் என்ன பலன் என்று அவனுக்குத் தெரியாது. நாற்பது நாள் இருந்துவிட்டுப் போன பெண்பிள்ளை நினைவுக்கு வந்தது. காசைக் கட்டினான், மறுபடி கட்டினான். காட்டச் சொன்னபோது காட்டினான். கண்ணுச்சாமி வாயைப் பிளந்தான். “மூணும் ராணி. வருசத்துக்கு ஒரு தடவை விழுகிறது அபூர்வம்” என்றான். நடுவில் கிடந்த காசு முழுவதையும் ஜக்கையன் பக்கம் தள்ளினார்கள். அவன் அதைத் தொடவில்லை. அடுப்பில் கிடந்த தணலைத் தள்ளிவிட்டதுபோல முழங்காலை ஒதுக்கிக்கொண்டான்.

அடுத்த கையில் நாலு, அஞ்சு, ஆறு வந்தது. மூன்றும் கறுப்பு. பொடிச் சீட்டு. அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. இப்படிப்பட்ட பொடியை வைத்துக்கொண்டு ஜெயிக்கவா முடியும்? தைரியமாக ஒரு ரூபாய் கட்டினான். ராக்கையா எதிர்த்துக் கட்டினான். ஜக்கையன் இன்னொரு ரூபாய், மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்க வைத்திருந்தது, அதையும் கட்டினான். மனசுக்குள் மருதாயியிடம் பேசிக்கொண்டான்: இந்தா, இதையும் வச்சுக்க. காட்டியபோது ராக்கையாவிடம் இரண்டு ராஜா. ஜக்கையன் சந்தோஷமாக எழுந்திருக்கப் போனான். கண்ணுச்சாமி அவன் தோளை அழுத்தினான்.

“எங்க எந்திரிக்கிற? வரிசையா நாலு அஞ்சு ஆறு, மூணும் ஒரே இஸ்பேட்டு. ராஜா சோடியெல்லாம் இதுக்குக் கீழதான்.”

வெளியே ஏதோ பாறை உருண்டு விழுந்து கொட்டகை அதிர்ந்தது. ஜக்கையனுக்கு உடம்பு முழுக்க வேர்த்துவிட்டது. இந்நேரம் அங்கே என்ன நடந்திருக்கும்? மூன்று ராணிக்கு எவ்வளவு குறைந்திருக்கும், இந்த மூன்று கறுப்புக்கு எவ்வளவு குறைந்திருக்கும் என்று அவன் மனசு அளந்துகொண்டே இருந்தது. மருதாயியின் நெற்றியில் முடி ஒட்டிக் கிடப்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. போதும் என்று சொல்ல வாயெடுத்தான். ராக்கையாவின் முகத்தைப் பார்த்ததும் வாய் அடைத்துக்கொண்டது. ஜெயித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அது தோற்றவன் முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். காசைக் கட்டிவிட்டுக் கவிழ்த்தால் அது தோற்பது ஆகாது, பழையபடி வேணாம் என்பதுதான். காட்டித் தோற்றுத்தான் எழுந்திருக்க வேண்டும். வேறு வழி இல்லை.

தன் கண்ணால் பார்ப்பதால்தான் சீட்டு நல்லதாக மாறுகிறது என்று அவனுக்குத் தோன்றியது. அடுத்த கையில் விழுந்த மூன்று சீட்டையும் தொடாமல், விரல் நுனியால் பின்னால் தள்ளினான். “மதினி, நீங்க வச்சுக்கங்க. நான் பாக்கல.”

“பொம்பள கையில சீட்டா?” என்றான் பிச்சைமணி.

“இருக்கட்டும். அப்பயாச்சும் இவன் ராசி முறியுதான்னு பாப்போம்” என்றான் ராக்கையா.

“முறியும் முறியும். எத்தனையோ பேருக்கு முறிச்சுருக்கேன்” என்று சொல்லி, தோட்டத்தில் சீட்டாட்டம் பார்த்துப் பழகிய கருத்தம்மா அதை வாங்கிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அங்கேதான் விஷயம் இன்னும் மோசமாகப் போனது. சீட்டாட்டம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். சீட்டைப் பார்த்துவிட்டுக் காசு கட்டுகிறவனுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள். சீட்டைப் பார்க்காமலேயே, முகத்தில் ரத்தம் இல்லாமல், கை நடுங்க நடுங்க, ரூபாய்க்குமேல் ரூபாயாகக் கட்டுகிறவன் எதிரே உட்கார்ந்திருந்தால் எவனும் பயப்படத்தான் செய்வான். அதுவும் அவன் மூன்று ராணி காட்டியவன். பிச்சைமணி ஒரு சுற்றுக்கூடத் தாங்காமல் கவிழ்த்தான். கண்ணுச்சாமி இரண்டு சுற்றில் கவிழ்த்தான். ராக்கையா பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் சுற்றில் கவிழ்த்தான். காட்டிப் பார்க்க ஆளே இல்லை. காசு மறுபடியும் ஜக்கையன் பக்கம் வந்தது.

அவன் எவ்வளவு வேகமாகத் தோற்கப் பார்த்தானோ அவ்வளவு வேகமாக ஜெயித்தான். பிச்சைமணியின் அரிசிக்காசு போனது. கண்ணுச்சாமியின் சம்பளம் போனது. மத்தியானத்துக்குள் அவன் முழங்காலடியில் இருபது ரூபாய்க்குமேல் கிடந்தது. அவன் குடும்பம் நாலு மாசம் சாப்பிடுகிற பணம். அவன் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பாடை கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு தடவை திரும்பி, “என்ன சீட்டு மதினி?” என்று மெல்லக் கேட்டான். தோட்டத்தில் அட்டை கடித்தால்கூட முகம் மாறாமல் பிடுங்கிப் போடுகிறவள் அவள். அந்த முகத்திலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை.

மழை நின்றது. கொஞ்ச நேரம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கருத்தம்மாதான் எழுந்து போய் ஓடையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“தண்ணி இடுப்பளவுக்கு வந்துருச்சு. மதி தம்பி, ஆடினது போதும். எந்திரிங்க, தாண்டிரலாம்.”

மலையாளத்து ஆட்களோடு பழகி, போதும் என்பதற்கு மதி என்கிற மாதிரி அவர்களுடைய பேச்சு ஒன்றிரண்டு அவளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜக்கையன் எழுந்தான். ராக்கையாவும் எழுந்தான். வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். இடுப்புக் கத்தி இப்போது கையில் இருந்தது.

“சட்டம் சொன்னேன்ல மாப்ளே. எங்க சோத்தை அள்ளி மடியில கட்டிட்டுப் போவியா? உக்காரு.”

“அண்ணே, வீட்ல அவளுக்கு வலி. எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கங்க. நான் போறேன்.”

“பிச்சை போடுறியா எனக்கு?” ராக்கையாவின் குரல் சின்னதாகிவிட்டது. கத்தியைவிட அந்தக் குரல்தான் ஜக்கையனைப் பயமுறுத்தியது. “ஒரே கை. என் குதிரையைக் கட்டுறேன். உன் முன்னாடி கிடக்கிற அம்புட்டையும் நீ கட்டு. எவன் தோத்தாலும் அத்தோட சரி.”

குதிரை போனால் ராக்கையாவுக்குப் பிழைப்பு போயிற்று. பிழைப்புப் போனவன் ஜெயித்தவனை ஓடை தாண்ட விடுவானா என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்த பதில்தான். ஜக்கையன் உட்கார்ந்தான். பணத்தோடு தோளில் கிடந்த கம்பளியையும் மடித்து நடுவில் வைத்தான். அவனுடையது என்று அங்கே வேறு எதுவும் இல்லை. கண்ணுச்சாமி கலைத்துப் போட்டான். ராக்கையாவுக்கு மூன்று, ஜக்கையனுக்கு மூன்று. தன்னுடையதை அவன் பார்க்காமலே பின்னால் தள்ளினான். தழைச்சாமி, எனக்கு ஒண்ணும் வேணாம். எனக்கு ஒண்ணும் வேணாம். அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

ராக்கையா தன் சீட்டை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். கவிழ்க்கப் போகிறான், இந்தத் தடவையும் கவிழ்த்துவிடுவான் என்று ஜக்கையன் பயந்தான்.

“காட்டு” என்றான் ராக்கையா. தன்னுடையதைத் தரையில் போட்டான். இரண்டு பத்து, ஒரு ஒன்பது.

பெரிய சீட்டு இல்லை. ஜக்கையன் திரும்பவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் கருத்தம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு அவள் எட்டி, மூன்று சீட்டையும் கவிழ்த்தபடியே கண்ணுச்சாமியின் கட்டுக்குள் செருகினாள்.

“ஒரு சோடிகூட இல்ல. தோத்தாச்சு. எடுத்துக்கங்க.”

கண்ணுச்சாமி அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான். ராக்கையா கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, காசின்மேல் குப்புற விழுந்ததுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். “போ” என்றான். ஜக்கையனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தோற்றதற்காக அழுகிறான் என்று பிச்சைமணி நினைத்துக்கொண்டு, “விடுங்கண்ணே, பணம் என்ன பணம்” என்று ஆறுதல் சொன்னான். ஜக்கையன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஓடையைத் தாண்டினார்கள். கம்பளி இல்லாத தோளில் காற்று அறைந்தது. அந்தக் குளிர்கூட அவனுக்கு இனிப்பாக இருந்தது. மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் ஓட்டமும் நடையுமாக, “எல்லாம் போச்சு மதினி, கம்பளிகூடப் போச்சு” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான். கருத்தம்மா “வெரசா நடங்க” என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ராசிங்காபுரம் வந்து சேர்ந்தார்கள். வீட்டு முன்னால் கூடியிருந்த பெண்கள் ஒன்றும் பேசாமல் விலகி வழிவிட்டார்கள். உள்ளே மருதாயியின் சத்தம் இல்லை. கருத்தம்மா கையைக் கழுவிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவன் மாட்டுக் கொட்டடியில் ஒற்றைக் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, தோற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சாமிக்குச் சொன்னான். புண்ணாக்குக் காசு போச்சு. அரிசிக் கூலி போச்சு. கம்பளி போச்சு. முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினான். பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ, உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. அதற்குப் பின்னால் மருதாயி, “பொண்ணா அக்கா?” என்று கேட்பது கேட்டது.

பெண்தான். செல்லக்கிளி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பிள்ளை வளர்ந்த பன்னிரண்டு வருடமும் அவன் வேணாஞ்சாமியாகவே இருந்தான். முன்னைவிட மோசம். அன்றைக்குத் தோற்றதால்தானே இவள் இருக்கிறாள். மலையெல்லாம் சரிந்து, பாலங்களெல்லாம் அடித்துக்கொண்டு போன அந்தப் பெருவெள்ள வருடம், கருத்தம்மா தோட்டத்து வேலையை விட்டுவிட்டுத் தங்கச்சி வீட்டோடு வந்து சேர்ந்தாள். அந்த ஆவணியில் மருதாயி பிடிவாதம் பிடித்துப் புஞ்சையில் கிணறு வெட்டச் சொன்னாள். அக்கம்பக்கத்தில் நாற்பது அடி வெட்டிப் பாறையைத்தான் கண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் ஜக்கையன் சரி என்றான். பன்னிரண்டு அடியில் தண்ணீர் பொங்கியது. வெட்டுகிறவர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கூத்தாடினார்கள். ஜக்கையன் வெளிறிப்போய் வீட்டுக்கு வந்து, “நாளைக்கே மண்ணைத் தள்ளி மூடச் சொல்லணும்” என்றான்.

மருதாயி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கருத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரையைக் கீழே வைத்தாள்.

“தம்பி, கொட்டகையில கடைசிக் கையில உங்களுக்கு விழுந்தது என்ன சீட்டு தெரியுமா?”

“ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீக.”

“நடுவுல பாக்காம கட்டி ஜெயிச்சீகளே, அதெல்லாம் குப்பைச் சீட்டு. ஒண்ணுக்கும் ஆகாது. அவுகளாப் பயந்து கவுத்தாக. ஆனா கடைசிக் கை அப்படியில்ல. மூணும் ஆசு. அதுக்கு மேல சீட்டே கிடையாது. காட்டியிருந்தா குதிரையும் நம்மளுது. அவனும் நம்மளை அங்கயே வெட்டியிருப்பான். என் தங்கச்சி அங்க கிடக்கா. அதான் கட்டுக்குள்ள சொருகிட்டேன்.”

ஜக்கையன் திண்ணையில் உட்கார்ந்தான்.

“நீங்க தோக்கல தம்பி. அன்னைக்கு உங்க ராசி அங்கயும் முழுசா இருந்துச்சு, இங்கயும் முழுசா இருந்துச்சு. பானையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. இனிமேலாவது அந்தப் பிள்ளையை நல்ல தண்ணி குடிக்க விடுங்க.”

அவனை விடுவிக்க வேண்டும் என்றுதான் அவள் சொன்னாள். பன்னிரண்டு வருடம் பொத்தி வைத்ததை வேறு எதற்காக அவிழ்ப்பாள்? ஆனால் ஜக்கையனுடைய காதில் மூன்று ஆசு என்பது மட்டும்தான் விழுந்தது. அவன் தோற்கவில்லை. ஊற்றியதாக நினைத்தது ஊற்றவே இல்லை. அப்படியானால் இந்தப் பன்னிரண்டு வருடமும் அந்தப் பிள்ளை எதன்மேல் நின்றுகொண்டிருந்தது? அவன் சட்டென்று எழுந்தான்.

“செல்லக்கிளி எங்க?”

“தண்ணி வந்துருக்குன்னு பாக்க ஓடுனா.”

அவன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். கரட்டு மண், முள், வரப்பு எதுவும் காலுக்குத் தெரியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டான். பதில் இல்லை. கிணற்றைச் சுற்றி வெட்டிப் போட்ட மண் குவிந்து கிடந்தது. வெட்டுகிறவர்கள் போய்விட்டிருந்தார்கள். மண்மேட்டில் சின்னக் காலடித் தடம் கிணற்றை நோக்கி இறங்கியது. திரும்பி வந்த தடம் இல்லை. அந்த நாலு எட்டு வைப்பதற்குள் அவன் மனசுக்குள் மூன்றாவது குழியையும் தோண்டி மூடிவிட்டான்.

எட்டிப் பார்த்தான். படிக்கட்டுக்காக வெட்டி விட்டிருந்த கடைசி மண்படியில் அவள் குந்தியிருந்தாள். பாவாடை நுனி நனைந்திருந்தது. இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு அளைந்துகொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

“என்னப்பா?”

ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். கடைசிப் படிக்கு வந்ததும் அவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். அவள் சிரித்தாள். பிடிபடாத கையைக் குழித்துத் தண்ணீரை மொண்டு அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். “குடிச்சுப் பாருங்கப்பா, இனிக்குது.”

வேணாம் என்ற சொல் வழக்கம்போல உதடுவரைக்கும் வந்துவிட்டது. பயம் எங்கேயும் போய்விடவில்லை. அது அடிவயிற்றிலேயே இருந்தது, சாகிற வரைக்கும் இருந்தது. ஆனால் பிள்ளையின் விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அது ஒழுகித் தீருவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குனிந்து குடித்தான். இனிக்கத்தான் செய்தது.

“இன்னுங் கொஞ்சம் குடு ஆத்தா” என்றான், அவள் மணிக்கட்டைப் பிடித்த கையை விடாமலே.